ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது யார்?



பிரசங்கத்தின் நடுவே உறங்குகிறவர்களைக் கண்டால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். மும்பையின் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாக ஊழியம் செய்துவருகிறேன். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையின்போது, எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் சகோதரர் அந்தக் கருவியின் அருகிலேயே தலைசாய்ந்து உறங்கிவிட்டார். நான் பிரசங்கத்தை நிறுத்தி, "நம்முடைய சபையிலும் ஒரு ஐத்திகு இருக்கிறார், நல்லவேளையாக நமக்கு மூன்றாம் மெத்தை இல்லை" என்றேன். சபையார் சிரித்தார்கள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, பின்பு ஆராதனை முடியும்வரை தலை குனிந்தபடியே இருந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசியதால்தான் ஐத்திகு உறங்கி விழுந்தான் என்பதும், விழுந்தவனைப் பவுல் கடிந்துகொள்ளாமல் இறங்கிப்போய் அணைத்துக்கொண்டான் என்பதும் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மனம் உறுத்தியதால், ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அம்பர்நாத்திலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. ஆறு வயது மகள் பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். சகோதரி தேநீர் போட்டுக் கொடுத்தார். "பிள்ளை அப்பாவைத் தேடுவதில்லையா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் கோபமின்றி, டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அவ முழிச்சிருக்கும்போது அவ அப்பாவைப் பார்க்கிறது ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் பாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையை நீங்க எடுத்துக்கிறீங்க."

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்தச் சகோதரர் தென்மும்பையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அம்பர்நாத்திலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலை ஆறேமுக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டால், மின்சார ரயிலும் நடையுமாக ஒன்பது மணிக்கு அலுவலகம். மாலை ஏழரைக்கு எழுந்தால், இரவு ஒன்பதேமுக்காலுக்கு வீடு. ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அதுவும் இல்லை. நாளொன்றுக்கு 15 மணி நேரம் வெளியே. வாரத்தில் ஆறு நாள். மொத்தம் 90 மணி நேரம்.

மீதியிருப்பது ஞாயிறு. அதை நாங்கள் என்ன செய்தோம்? காலை ஏழரைக்குப் பாடல் பயிற்சிக்காக அவர் புறப்பட வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை ஆராதனை. அதன் பின் கமிட்டிக் கூட்டம். நான்கு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் வீட்டு ஜெபம்; அங்கேயும் கீபோர்டு வேண்டும். ஆறு மணிக்கு மாலை ஆராதனை. இரவு ஒன்பதுக்கு அவர் வீடு சேர்வார். பதின்மூன்றரை மணி நேரம்! வாரநாளைவிட ஒன்றரை மணி நேரந்தான் குறைவு. இந்த மனிதரைத்தான் உறங்கியதற்காக நான் சபை நடுவே நிறுத்தினேன்.

பிரியமானவர்களே, யாத்திராகமம் 18 ஆம் அதிகாரத்தை நான் வேதாகமக் கல்லூரியில் படித்த நாள் முதல் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். காலை முதல் சாயங்காலம் வரை மோசே ஒருவனாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரிக்க, அவன் மாமனாகிய எத்திரோ அதைக் கண்டு, இது நல்ல முறையல்ல, நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடிருக்கும் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று ஆலோசனை கூறிய பகுதி அது. நிர்வாகத்துக்கும் பொறுப்புகளைப் பகிர்ந்தளிப்பதற்கும் நல்ல பாடமாக அதை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் சில வசனங்களை நான் வேகமாகக் கடந்து போயிருந்தேன். எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்டுத் தன் வீட்டில் இருந்த சிப்போராளையும், அவளுடைய குமாரர் இருவரையும் மோசேயினிடத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தான். மனைவியும் பிள்ளைகளும் நெடுநாளைக்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மறுநாளே மோசே காலை முதல் சாயங்காலம் வரை வேலையில் உட்கார்ந்துவிட்டான்! எத்திரோ அதை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். மகளின் தகப்பனாகவும் அவன் பார்த்திருக்க மாட்டானா? வேதம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சகோதரியின் வார்த்தையைக் கேட்ட பிறகு, அந்த அதிகாரத்தை என்னால் பழையபடி வாசிக்க இயலவில்லை.

பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நம் ஜனங்களின் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலுவலகத்தையே குற்றம் சாட்டுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023 ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெரிய தொழிலதிபர் ஒருவர், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் இன்னொரு பெருநிறுவனத்தின் தலைவர் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. நம் சகோதரரோ, ரயிலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், யாரும் அறிவுரை கூறாமலேயே அந்த 90 ஐ எட்டியிருந்தார்.

இவ்வளவு உழைத்தால் சரீரத்துக்கு என்ன நேரிடும்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய்கள் அடைபடும் நோயினால் மரிக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016 ஆம் ஆண்டில் மாத்திரம் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் உலகெங்கும் 7,45,000 பேர் மரித்ததாக அவ்வாய்வு மதிப்பிட்டது. ரயில் பயணத்தை விட்டுவிட்டு, அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நம் சகோதரருக்கு வாரம் 63 மணி நேரம் ஆகிறது.

இது மனதளவில் நிற்கும் காரியமன்று. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும்படி தேவன் நம் சரீரத்தை உண்டாக்கியிருக்கிறார். அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் அப்போது பெருகுகின்றன. இருதயம் விரைவாய்த் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து நீங்கினால் எல்லாம் தணியவேண்டும். மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி இரவு பதினொன்றுக்கும் வருமானால், அது தணிவது எப்போது? எளிதில் எரிந்து விழுதல், காரணமின்றித் தலைவலி, நெஞ்செரிச்சல், படுத்தும் உறக்கம் வராமை, ஜெபத்தில் மனம் நில்லாமை — இவற்றை ஆவிக்குரிய குறைவு என்று மட்டும் எண்ணி, இன்னொரு உபவாச நாளைக் குறித்துக்கொள்கிற விசுவாசிகளை நான் அறிவேன். நானே அப்படிச் சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி கேட்ட எலியாவுக்குக் கர்த்தருடைய தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. உறங்கவிட்டான், எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், இரண்டாந்தரமும் உணவு கொடுத்தான். ஓரேபில் தேவன் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பின்புதான் (1 இராஜாக்கள் 19). வயது வந்த ஒருவருக்கு இரவில் ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அதைக் குறைத்துக்கொண்டு அதிகாலை ஜெபத்துக்கு எழும்புகிறவர், இரவில் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

இங்கே ஒரு வார்த்தையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்து உண்பது அவிசுவாசமன்று. லூக்கா மருத்துவன், பவுல் அவனைப் பிரியமானவன் என்றே அழைக்கிறான். நம் சகோதரரை நான் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவருடைய இரத்த அழுத்தம் 160/100 இருந்தது; வயது முப்பத்தெட்டு. நெஞ்சில் இறுக்கமோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதலோ, பேச்சுக் குழறலோ கண்டால், போதகருக்குத் தொலைபேசி செய்வதற்கு முன்னே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஜெபத்தை வழியில் செய்யலாம். மனச்சோர்வு நீங்காமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்னும் எண்ணம் தலைகாட்டுமானால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பம்பாயிலோ புனேயிலோ தில்லியிலோ இருந்துகொண்டு, இந்தியில் தன் துக்கத்தைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிற நம் தாய்மார்களுக்கு இது சிறிய காரியமன்று.

ஓய்வு நாளைப் பற்றிப் பேசும்போது இந்த நகரத்துக்கு உரிய ஒரு வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். ஞாயிறு விடுமுறை நமக்குத் தானாக வந்துவிடவில்லை. 1880 களில் பம்பாயின் பஞ்சாலைகள் சூரியன் உதிப்பது முதல் அஸ்தமிப்பது வரை ஓடின. தொழிலாளருக்கு வாரவிடுமுறை என்பதே இல்லை. ஜோதிராவ் பூலேயின் வழியைப் பின்பற்றிய நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர், 1884 இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை உண்டாக்கி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளரின் கையொப்பத்தோடு மனுக்கொடுத்தார். ஆறு ஆண்டு போராட்டத்துக்குப் பின்பு, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். அவர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் உபாகமம் 5 ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லுகிற காரணம் அவருடைய மனுவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது! எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொண்டு, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்பதே அங்குள்ள கருத்து. அடிமைக்கு விடுமுறை கிடையாது. விடுதலை பெற்றவனுக்கே உண்டு. அப்படிப் பெறப்பட்ட நாளை ஒரு புறம் மேலாளரும் மறுபுறம் போதகரும் பங்கிட்டுக்கொண்டால், லோகண்டே பட்ட பாடு என்னவாகும்?

அலுவலகத்தையும் சபையையும் சொன்ன நான் வீட்டையும் விடமாட்டேன். ஊரில் ஒரு பிள்ளை அழுதால் எடுத்துக்கொள்ள ஆச்சி இருந்தார்; அடுத்த வீட்டில் சித்தி இருந்தார். இங்கே ஓர் அறையும் சமையலறையுமான வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் மாத்திரமே. அன்று பத்துப் பேர் தூக்கிய பாரத்தை இன்று இரண்டு பேர் தூக்குகிறார்கள். பல வீடுகளில் ஒருவர்தான் தூக்குகிறார். 2024 ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அந்த 88 நிமிடமும் அவ்வேலையில் கைவைக்கிற ஆண்களுடைய கணக்கு. கைவைக்காதவர்கள் அதில் சேரவில்லை. சகோதரர்களே, ஞாயிறன்று உங்களுக்கு ஓய்வு. உங்கள் மனைவிக்கோ அன்றுதான் பிரியாணி. இதையும் ஓய்வுநாள் என்று சொல்லலாமா?

ஊரைப் பற்றிய இன்னொரு பாரமும் உண்டு. தங்கையின் கலியாணக் கடன், தகப்பனாரின் மருத்துவம் போன்ற கடமைகளைத் தள்ளும்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் அண்ணன் மாடி எழுப்பினான் என்பதற்காக நாமும் எழுப்பவேண்டும் என்று, யாரும் குடியிராத வீட்டுக்கு மாடி கட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த மாடிக்காகவே ஓவர்டைம், அந்த மாடிக்காகவே மாலையில் இன்னொரு கணக்கு வேலை. மே மாதத்தில் ஒன்றரை நாள் ரயிலில் போய், பத்து நாளில் நான்கு கலியாணமும் இரண்டு அசனமும் பார்த்துவிட்டு, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறோம். அதற்குப் பெயர் விடுமுறை.

இவையெல்லாம் சொல்ல எளிது. எங்கள் சபையில் நாங்கள் செய்தது எளிதாயிருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஞாயிறு மாலை ஆராதனையை நிறுத்தினேன். காலை ஆராதனையைப் பதினொன்றரைக்கு முடிக்கத் தீர்மானித்தோம். இது என் பிரசங்கத்தின் நீளத்தைப் பற்றிய தீர்மானம் என்பது சபைக்குத் தெரியும். கமிட்டிக் கூட்டம் மாதம் ஒருமுறை மட்டும். கீபோர்டுக்கு இரண்டு வாலிபரைப் பழக்கினோம். முதல் சில வாரம் சுதி எங்கோ, பாட்டு எங்கோ என்றிருந்தது, பொறுத்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட சில தாய்மார்கள் சபை மண்டபத்தில் சிறுபிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பெற்றோர் எந்தக் கூட்டத்துக்கும் போகக்கூடாது என்பதே எங்கள் ஒரே நிபந்தனை.

மூப்பர் ஒருவர், "பாஸ்டர், இப்படித்தான் பின்மாற்றம் ஆரம்பிக்கும்" என்று கண்ணீரோடு சொன்னார். அவருடைய வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். அவருக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு குடும்பங்கள் மாலை ஆராதனை நடக்கும் வேறு சபைக்குப் போய்விட்டன. காணிக்கை சில மாதங்கள் குறைந்தது. அந்த மாதங்களில் மாலை ஆறு மணியானால் என்ன செய்வதென்று தெரியாமல் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிதான் சிரித்துக்கொண்டே வெண்டைக்காயையும் கத்தியையும் என் கையில் கொடுத்தாள்.

கீபோர்டு சகோதரரின் அலுவலகம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மருத்துவச் சீட்டோடு போய், சனிக்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டார். முதலில் மறுத்தார்கள். மறுபடியும் கேட்டதில், மாதம் இரண்டு சனிக்கிழமை கிடைத்தது. இரவு பத்து மணிக்குப் பின் கைபேசியை அலமாரியில் வைத்துவிடுகிறார். அதற்காக இரண்டு முறை கடிந்துகொள்ளப்பட்டார், வேலை போகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள வீட்டின் மாடியை ஓராண்டு தள்ளிவைத்தார். அதைக் கேட்டு அவருடைய தாயார் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. மாத்திரை தொடருகிறது.

நீங்களும் ஒரு தாளை எடுத்து, சென்ற வாரத்தின் ஏழு நாட்களையும் எழுதி, எந்த மணி நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று குறித்துப் பாருங்கள். அலுவலகம், ரயில், கைபேசி, சபை, சமையல், உறக்கம் என்று உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, பின்பு மாற்றிக்கொண்டு வாசியுங்கள். அந்தத் தாளில் உங்கள் சபை அதிக இடத்தைப் பிடித்திருந்தால், அதை உங்கள் போதகரிடம் கொண்டுபோய்க் காட்டத் தயங்கவேண்டாம். எனக்கு ஒரு சகோதரி டம்ளர் கழுவிக்கொண்டே காட்டினார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணியளவில், அடுத்த வாரத் திருவிருந்து ஆராதனைக்குரிய பாடல்களைப் பற்றிக் கேட்க, பழைய பழக்கத்தில் அவர் எண்ணை அழைத்துவிட்டேன். மகள்தான் எடுத்தாள். இப்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். மிகவும் தாழ்ந்த குரலில், "பாஸ்டர் அங்கிள், அப்பா தூங்குறாங்க. எழுப்பணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.